நடு ஆணி

போடிநாயக்கனூர்
14-10-1978

மாப்பிள்ளை மொக்கச்சாமிக்கு வெள்ளைத்துரை எழுதுவது.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை, ராகுகாலம் கழிந்து, நம் வீட்டு ஹாலில் வடக்குச் சுவரின் நடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த காலண்டர் வலப்பக்கத்து ஆணிக்கு மாற்றப்பட்டது. வீடு கட்டிய நாளிலிருந்து காலண்டருக்கு அந்த இடந்தான். ஆகவே இது எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்த காரியமல்ல. ஜோசியரைக் கலந்தாலோசித்தேன். கொத்தனாரை வரவழைத்து ஆணியின் பலத்தைப் பார்க்கச் சொன்னேன். உன் அக்கா சுந்தரம்மாளின் சம்மதத்தையும் கேட்டேன். “காலண்டரைக் கெணத்துக்குள்ள வேணும்னாலும் மாட்டுங்க, அமாவாசை என்னைக்குன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு” என்றாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

நடு ஆணிக்கு வந்திருப்பது என் தகப்பனாரின் ரெட்டைக்குழல் துப்பாக்கி.

புதுமனை புகுவிழா அன்று நம் வீட்டு முகப்பைப் பார்த்து “பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு மச்சான்” என்று நீ சொன்னதிலிருந்து நான் உனக்கு எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. அதை நான் மறந்துவிட்டேன் என்று தெரிவிப்பதற்காகவே இங்கே குறிப்பிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சிவராத்திரிக்கு நம் குலசாமியின் ஆபரணப் பெட்டி கோயிலுக்குக் கிளம்பும்போது முதல் வேட்டு என் தகப்பனார் கையால் இந்தத் துப்பாக்கியில்தான் போடப்பட்டது. அவர் காலத்துக்குப் பிறகு, தன் துப்பாக்கி புதியது என்ற ஒரே காரணத்தால் என் பங்காளி உக்கிரபாண்டி அந்த மரியாதையை எடுத்துக்கொண்டான். நம்முடையது பழையது மட்டுமல்ல, அபூர்வமானது என்று பெரியவர்களிடம் நிரூபித்தால் முதல் வேட்டு நமக்குத் திரும்பும். நீ சென்னையில் துப்பாக்கிக் கடையில் பழுது பார்க்கும் பிரிவில் இருக்கிறாய். இது அபூர்வமா என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு அபூர்வம் என்று எழுது.

மலைத்தோட்டத்துக் கிரே துரையைக் காட்டுமாடு முட்ட வந்தபோது என் பாட்டனார் குறுக்கே விழுந்து காப்பாற்றினார். அதற்குத் துரை கொடுத்த பரிசு இது.

உன் தம்பி பொன்னுமணி மலையில் நம் ஏலக்காய்த் தோட்டத்தில் நலம்.

வெள்ளைத்துரை

*

சென்னை, திருவல்லிக்கேணி
21-10-1978

மச்சான் அவர்களுக்கு மொக்கச்சாமி வணக்கம்.

கடிதம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு விஷயத்தை நானும் மறந்துவிட்டேன்.

துப்பாக்கியைப் பார்க்காமல் சொல்வது வைத்தியர் வேட்டியைப் பார்த்து மருந்து கொடுப்பது போல. கீழே கேட்டிருப்பவற்றுக்காவது பதில் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் குழலில் பழைய தோட்டா ஏதும் இல்லை என்று பாருங்கள். நீங்கள் பார்க்க வேண்டாம், உங்கள் கண்ணில் புரை. பொன்னுமணியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டாவை அடிக்கும் சுத்தியல்கள் இரண்டும் வெளியே தெரிகின்றனவா? குழலின் மேல்பரப்பு ஒரே நிறமா, வரி வரியா? குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றினால் இரும்பில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். அவற்றைப் பார்த்தபடியே வரைந்து அனுப்புங்கள். உங்களுக்குத் தோன்றியபடி வேண்டாம். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே வழவழப்பா, குழியா என்றும் எழுதுங்கள்.

என் பதில் வரும்வரை யாரும் சுட வேண்டாம்.

கிரே துரை கொடுத்தது என்பதற்குக் கிரே துரை தவிர வேறு சாட்சி உண்டா?

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மொக்கச்சாமி

*

போடிநாயக்கனூர்
2-11-1978

மாப்பிள்ளை மொக்கச்சாமிக்கு.

பொன்னுமணி ஜீப்பில் இறங்கி வந்து துப்பாக்கியைக் கழற்றினான். தோட்டா இல்லை. ஒரு பல்லி இருந்தது.

சுத்தியல்கள் வெளியேதான், வெள்ளாட்டுக் காது போல இரண்டு. குழல் முழுதும் மலைப்பாம்புத் தோல் மாதிரி வரி. உன் அக்கா அதை அழுக்கு என்று எண்ணிப் புளியும் செங்கல்பொடியும் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் தடுத்தேன்.

உள்ளே பார்த்த பொன்னுமணி, “மச்சான், நம்ம மலைச்சாமி மூஞ்சி மாதிரியே இருக்கு” என்றான். மலைச்சாமி நம் வாட்ச்மேன், முகமெல்லாம் அம்மைத் தழும்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழிகள் பழமையின் அடையாளம்.

இனிமேல்தான் முக்கியமானது. முன்கட்டைக்கு அடியில் முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ, எல், ஜி என்று மூன்று இங்கிலீஷ் எழுத்துகள். அவற்றுக்கு மேலே கிரீடம். கிரீடம் என்றால் ராஜாங்க சம்பந்தம் என்பது உனக்கே தெரியும். ஜி என்பது கிரே. ஈ, எல் இரண்டும் அவருடைய தகப்பன், பாட்டன் பெயர்களாக இருக்க வேண்டும். சாட்சி கேட்டாயே, அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

துப்பாக்கியின் நெற்றியில் ஒரு கம்பெனிப் பெயரும் உண்டு. தேய்ந்த எழுத்து. வரைந்து இணைத்திருக்கிறேன். நீ சொன்னபடி, பார்த்தபடியே.

வெள்ளைத்துரை

*

சென்னை
9-11-1978

மச்சான் அவர்களுக்கு.

நீங்கள் வரைந்தது தெளிவாக இருந்தது. அதனால் எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது.

ஈ, எல், ஜி என்பது கிரே துரையின் கையெழுத்தல்ல. பெல்ஜியம் தேசத்தில் லியேஜ் என்ற ஊரின் சோதனைச் சாலை முத்திரை. அங்கே செய்த ஒவ்வொரு துப்பாக்கியிலும் இதைக் குத்துவார்கள். கிரீடமும் அவர்களுடையதே. லட்சக்கணக்கில் செய்து கப்பலில் அனுப்பினார்கள். கம்பெனிப் பெயர், புகழ்பெற்ற ஓர் இங்கிலாந்துக் கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டது. அவசரத்தில் பார்ப்பவன் ஏமாறுவான். உங்கள் பாட்டனார் காட்டுமாட்டின் அவசரத்தில் இருந்தார்.

எங்கள் கடைக்கு மாதம் ஒன்றாவது இப்படி வருகிறது. வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு துரை இருக்கிறார். ஒரு நல்ல கறவை மாட்டின் விலை தேறாது.

இனி எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள். பாம்புத்தோல் வரி என்பது அழகுக்குப் போட்டதல்ல. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருட்டி, காய்ச்சி அடித்து ஒட்டிய குழல் அது. ஒவ்வொரு வரியும் ஓர் ஒட்டு. உள்ளே குழிகள் இருந்தால் ஒட்டுகள் அரித்துவிட்டன என்று பொருள். அந்தக் காலத்துக் கருமருந்து மெதுவாகத் தள்ளும். இப்போதைய தோட்டா ஒரேயடியாக அறையும். குழல் பிளந்தால் அதைத் தாங்கியிருக்கும் இடது கைக்கும் முகத்துக்கும் நேராகப் பிளக்கும். இதைச் சுடக் கூடாது.

சுவரில் மாட்டுவதற்கு ஆட்சேபமில்லை. ஆனால் காலண்டர் அதைவிட உபயோகமானது.

மொக்கச்சாமி

*

போடிநாயக்கனூர்
24-11-1978

மொக்கச்சாமிக்கு.

உன் கடிதத்தை உன் அக்காவுக்கும் பொன்னுமணிக்கும் படித்துக் காட்டினேன். காட்டுமாட்டின் அவசரம் என்ற இடத்தில் உன் அக்கா சிரித்தாள். அந்த வாக்கியத்தை இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள்.

முப்பது வருடமாக ஏலக்காய் ஏலத்தில் உட்காருகிறேன். ஒரு வியாபாரி தட்டிலிருந்து காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டுவான். “நெறம் செத்துப்போச்சு, உள்ள ஈரங் கெடக்கு, இதை வாங்குனா நான் தெருவுலதேன் நிக்கணும்” என்பான். கடைசியில் அதை எடுப்பவன் அவனாகத்தான் இருப்பான். வேண்டாதவன் வாயைத் திறக்காமல் அடுத்த தட்டுக்குப் போய்விடுவான். நீ ஒரு பக்கம் முழுக்கக் குறை சொல்லியிருக்கிறாய். யாருக்காக வாங்கப் பார்க்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

இருந்தாலும் நியாயமாக யோசித்தேன். நீ எழுதியது உண்மையானால் அது நடு ஆணிக்குத் தகுதியில்லாதது, தோட்டத்தில் உழைக்கட்டும். நீ எழுதியது பொய்யானால் அது நன்றாகச் சுடும், அப்போதும் தோட்டத்தில் உழைக்கலாம். எப்படிப் பார்த்தாலும் தோட்டந்தான். காட்டுப்பன்றிகள் ஏலச் செடியைத் தூரோடு கிளறிப் போடுகின்றன. லைசென்சில் என் பெயருக்கு அடுத்தபடி சுடும் உரிமை பொன்னுமணி பெயருக்குத்தான் இருக்கிறது. ஆகவே அவனிடமே கொடுத்தனுப்பினேன். சட்டத்தை மீறி வாட்ச்மேன் கையில் கொடுக்கிற ஆள் நானல்ல.

“அண்ணே வேணாம்னு எழுதியிருக்காகளே மச்சான்” என்றான். “அண்ணன் மெட்ராசுல இருக்கான், பன்னி இங்கன இருக்கு” என்றேன். வாங்கிக்கொண்டு போனான்.

காலண்டர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. உனக்குத் திருப்தியாக இருக்கும்.

வெள்ளைத்துரை

*

சென்னை
29-11-1978

மச்சான் அவர்களுக்கு.

சுட வேண்டாம் என்று சற்று முன் ஒரு தந்தி கொடுத்தேன். அதன் விளக்கம் இது. பொன்னுமணிக்குத் தனியாக எழுதினால் அதையும் உங்களிடம்தான் கொண்டுவந்து நீட்டி, என்ன செய்ய என்று கேட்பான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்தத் துப்பாக்கியை வாங்கும் எண்ணத்தோடுதான் குறை சொன்னேன். இங்கே பழைய ஆயுதங்கள் சேர்க்கும் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். அவருக்காக. ஏல வியாபாரத்தில் முப்பது வருடம் இருந்தவரை ஏமாற்ற நினைத்தது என் தவறு.

உண்மை இதுதான். அது மிக மிக அபூர்வம். அந்த வரி, அந்த முத்திரை, அந்தப் பெயர் மூன்றும் சேர்ந்த துப்பாக்கி இந்தியாவில் இன்னொன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. கிரே துரையைப் பற்றி நான் கேலியாக எழுதியதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. இப்படிப்பட்டதைச் சுட்டால் அபூர்வம் போய்விடும். ஒரு முறை சுட்டாலும் போய்விடும். குழலில் புதுப்புகை பட்டால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இன்றைக்கே ஜீப் அனுப்பி அதைக் கீழே கொண்டுவந்து நடு ஆணியில் மாட்டிவிடுங்கள். யாரும் தொட வேண்டாம்.

பொன்னுமணி அதை இதுவரை சுட்டானா என்று மறு தபாலில் எழுதுங்கள்.

மொக்கச்சாமி

*

போடிநாயக்கனூர்
8-12-1978

அன்புள்ள மாப்பிள்ளை மொக்கச்சாமிக்கு வெள்ளைத்துரை எழுதுவது.

தவறை ஒப்புக்கொள்வதற்கு ஒரு பெருந்தன்மை வேண்டும். உன் குடும்பத்தில் அது இருப்பதை இத்தனை வருடம் கழித்துக் கண்டேன்.

பொன்னுமணி சுடவில்லை. பன்றிகள் வந்த அன்றைக்கெல்லாம் அவனுக்கு வேறு சோலி இருந்ததாம். தகரத்தைத் தட்டியே விரட்டியிருக்கிறான். எனக்கு அப்போது தெரிந்திருந்தால் கோபித்திருப்பேன். இப்போது அதுவும் நல்லதாகப் போயிற்று. கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, மெட்டிலிருந்து இறங்கும் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் “மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பா” என்று டிரைவரை ஏசியபடி கொண்டுவந்து சேர்த்தான். “புதுப்பொண்ணைக்கூட இம்புட்டுப் பதனமாக் கொண்டாற மாட்டான்” என்றாள் உன் அக்கா.

உன் கடிதத்துக்குக் கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, துப்பாக்கிக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். நீ வாங்கப் பார்த்ததாக எழுதிய பத்தியைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டேன். நம் வீட்டு மாப்பிள்ளையின் மானம் எனக்கும் மானந்தான். அபூர்வம் என்ற பகுதி முழுதும் தெரிகிறது. உக்கிரபாண்டி ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். இரண்டு தரம் படித்தான். காபி குடிக்காமல் போய்விட்டான்.

வெள்ளைத்துரை

*

சென்னை
4-1-1979

மச்சான் அவர்களுக்கு.

சுடவில்லை என்று படித்தபோது கடையில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

பொன்னுமணிக்கு இங்கே ஒரு வேலை பார்த்திருக்கிறேன், எங்கள் கடைக் கிடங்கில். சிவராத்திரிக்கு முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். துப்பாக்கியை ஒரு முறை நேரில் பார்க்க எனக்கும் ஆசை. அவனிடமே கொடுத்தனுப்பினால் எண்ணெய் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

சுட்டால் அபூர்வம் போய்விடும் என்ற வரிக்கு நீங்கள் காகிதம் ஒட்டவில்லை என்று நம்புகிறேன்.

மொக்கச்சாமி

*

போடிநாயக்கனூர்
21-2-1979

அன்புள்ள மாப்பிள்ளைக்கு.

பதில் தாமதமானதற்கு மகிழ்ச்சியான காரணம். கோயில் பெரியவர்கள் எட்டுப் பேரும் நம் வீட்டு ஹாலுக்கு வந்து துப்பாக்கியைப் பார்த்தார்கள். உன் கடிதத்தைப் பள்ளிக்கூட வாத்தியார் உரக்கப் படித்தார். இந்தியாவில் இன்னொன்று இல்லை என்ற இடத்தில் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். இந்தச் சிவராத்திரிக்கு முதல் வேட்டு நமக்கு என்று தீர்மானமாகிவிட்டது. இதற்கு முழுக் காரணம் நீதான். சபையில் உன் பெயரைச் சொன்னேன்.

நீ எழுதிய நிபந்தனையை மறைக்கவில்லை. அதையும் வாத்தியார் படித்தார். சபையில் ஆலோசித்தோம். வேட்டைக்குச் சுடுவதுதான் சுடுவது. சாமிக்குப் போடுவது காணிக்கை. அதில் பொருளின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. உக்கிரபாண்டிகூட இதை மறுக்கவில்லை.

தோட்டா விஷயத்தில் உனக்குக் கவலையே வேண்டாம். தகப்பனார் காலத்துக் கருமருந்துத் தோட்டா பரணில் ஒரு டப்பா கிடந்தது. பழையதை எடுத்துச் சாமிக்குப் படைக்கிற வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. மதுரைக்கு ஆள் அனுப்பிப் புதிதாக, இருப்பதிலேயே வீரியமானதாக வாங்கியாயிற்று.

நானே போடுவதுதான் முறை. கண்ணில் புரை. அதோடு கோயிலில் சப்-இன்ஸ்பெக்டரும் இருப்பார். ஆகவே லைசென்சில் உள்ளபடி பொன்னுமணி போடுவான். புது வேட்டி எடுத்திருக்கிறேன். அவன் ஒரு கேள்வி கேட்டான்.

“மச்சான், அண்ணே மொதக் கடுதாசியில வெடிச்சிரும்னாக. ரெண்டாங் கடுதாசியில மதிப்புப் போயிரும்னாக. ரெண்டுல எது நெசம்?”

“எந்தக் கடுதாசிக்குடா கண்ணாடி போட்டிருக்கு? அதுதான் நெசம்” என்றேன்.

“அப்பச் சரி. நீங்க தள்ளி நில்லுங்க மச்சான், ஒங்க ஜிப்பாவுல கரி பட்டுறப் போகுது” என்றான். இந்தப் பிள்ளைக்கு எப்போதும் விளையாட்டுத்தான்.

சிவராத்திரி முடிந்ததும் சென்னைக்கு ரயிலேற்றி விடுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வேட்டுச் சத்தம் ஓய்ந்திருக்கும்.

வெள்ளைத்துரை

*

சென்னை
19-3-1979

வெள்ளைத்துரை அவர்களுக்கு.

மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவிலும் சரி, ஊரில் காரியம் முடிகிறவரையிலும் சரி, என்னால் உங்களிடம் பேச முடியவில்லை. நீங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தீர்கள். வலதுகுழலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று என்னிடம் இரண்டு முறை சொன்னீர்கள்.

ஆகவே எழுதுகிறேன். சுவரில் மாட்டியிருக்கும் கடிதம் பொய். முதல் கடிதம்தான் உண்மை. அது பெல்ஜியத்தில் லட்சக்கணக்கில் செய்த மலிவுத் துப்பாக்கி. நான் யாருக்காகவும் அதை வாங்கப் பார்க்கவில்லை. அப்படி ஒரு பெரிய மனிதர் கிடையாது. உண்மையைச் சொன்னபோது அதை மலைக்கு அனுப்பினீர்கள். பொய் சொன்னால் சுவரில் இருக்கும் என்று நினைத்தேன். உங்களை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அவன் என் கடிதத்தை நம்பிச் சுட்டான். எந்தக் கடிதத்தை என்று தெரிந்துகொள்ளத்தான் உங்களைக் கேட்டிருக்கிறான்.

அந்தக் கடிதத்தைக் கழற்றி எரித்துவிடுங்கள். உங்களிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

மொக்கச்சாமி

*

போடிநாயக்கனூர்
20-2-1980

மாப்பிள்ளை மொக்கச்சாமிக்கு வெள்ளைத்துரை எழுதுவது.

உன் சென்ற வருடக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. துக்கத்தில் மனிதன் எதையும் எழுதுவான். உடன்பிறந்தவனைப் பறிகொடுத்தவன் தன்னையே பொய்யன் என்று சொல்லிக்கொண்டால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது பெரியவனுக்கு அழகல்ல. அந்தக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. நீ நிதானமாக இருந்தபோது எழுதியது கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது.

சிவராத்திரி நல்லபடியாக முடிந்தது. சாமி காரியத்தில் ஓர் உயிரைக் கொடுத்த குடும்பம் என்பதால் முதல் வேட்டு இனி நிரந்தரமாக நமக்கே என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். உக்கிரபாண்டியே முன்மொழிந்தான். இந்த வருடம் தன் துப்பாக்கியைக் கொடுத்து, நம் பெயரால் தானே போட்டான். சத்தம் நன்றாக இருந்தது.

உன் அக்கா கோயிலுக்கு வரவில்லை. இப்போதெல்லாம் என்னோடு அதிகம் பேசுவதில்லை. கடிதம் எழுதுகிறேனே, மாப்பிள்ளைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். “அவனுக்கு நீங்க எழுதுனது போதாதா” என்றாள்.

போன வாரம் ஸ்டேஷனிலிருந்து துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இடதுகுழல் அடியிலிருந்து ஒரு முழத்துக்குப் பிளந்திருக்கிறது. உள்ளே வரிகள் இப்போது தெளிவாகத் தெரிகின்றன. நடு ஆணியில் மாட்டியாயிற்று. பக்கத்து ஆணியில் பொன்னுமணியின் படத்தை மாட்டினோம். காலண்டர் அடுப்படிக்குப் போயிருக்கிறது.

வெள்ளைத்துரை